இரண்டு சட்டிப் பசை

சாந்தோமில் எங்கள் பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் காகிதக் கவர் ஒட்டிப் பிழைத்தவள். பழைய பேப்பர், மைதா பசை, இரண்டு கை. கவர்தானே என்று நானும் இளக்காரமாக நினைத்திருக்கிறேன். ஒரு கவருக்கு எத்தனை எஜமானர்கள் என்பது அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தனபாலன் அண்ணாச்சிக்குக் கவர் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்க வேண்டும். "ஏம்மா, கரப்பான் பூராத்தையும் அரிச்சிருது. பசையில துத்தத்தைப் போடு" என்றார். மயில்துத்தம் விஷம். மயிலாப்பூர்க் குளத்தோரம் பட்டாணி வறுத்து விற்ற ஷரஃபுதீனுக்கோ அது ஆகவே ஆகாது. பட்டாணி தீர்ந்ததும் பிள்ளைகள் கவரைக் கிழித்து உப்பை நக்குவார்கள். நக்கிப் போட்டதை மாடு தின்னும். அதனால் ஃப்ளோரன்ஸ் இரண்டு சட்டியில் பசை காய்ச்சினாள். இரண்டும் ஒரே மாதிரிச் சட்டி. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

எழுபத்து மூன்றில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பட்டாணிக் கவர்க் கட்டை மத்தியானமே ஷரஃபுதீன் கடையில் போட்டுவிட்டு வந்தவள், அதை ஒட்டிய சட்டியைக் கழுவ உட்கார்ந்தாள். அடியில் துத்தத்தின் நீலம் படிந்திருந்தது. "ஐயோ மாதாவே!" என்ற சத்தம் கேட்டு ஓடினேன்.

"சட்டி மாறிப் போச்சு. புள்ளைங்க நக்குமே!" என்றவள், செருப்புக்கூடப் போடாமல் கச்சேரி ரோட்டில் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடை வாசலில் ஒரு சின்னப் பெண் காலிக் கவரைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் அதைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. அதன் அம்மா கன்னாபின்னாவென்று திட்ட ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னதும் குழந்தையின் நாக்கை முந்தானையால் துடைத்தாள்.

"பாய், எவ்ளோ போச்சு?"

"பாதிக் கட்டு போயிட்சுக்கா" என்றார் ஷரஃபுதீன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. யார் யார் வாங்கினார்கள் என்று அவர் எங்கே கண்டார்? மீதிக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஃப்ளோரன்ஸ் மாட வீதியெல்லாம் அலைந்தாள். கண்ணில் பட்ட பிள்ளைகளிடம் எல்லாம், "கவரை நக்குனியாமா?" என்று கேட்டாள். பைத்தியம் என்று சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். வாந்தி என்று எந்தக் குழந்தையைத் தூக்கி வந்தாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "இன்னாத்த துன்னுச்சு?" என்று பெற்றவளை விசாரிப்பாள். கவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம். அவள் கட்டவில்லை.

அண்ணாச்சியிடம் போய், "இனிமே துத்தம் கெடையாது. அலமாரில அந்துருண்டை போட்டுக்கோங்க" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். கரப்பான் வரவில்லை. இத்தனை சின்ன விஷயம் எங்கள் யார் மூளைக்கும் முன்பே எட்டவில்லையே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அதற்கப்புறம் அவள் வீட்டில் ஒரே சட்டிதான். ஆனாலும் சாகும்வரை, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு கவரை உருவி, ஒட்டின ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். "அதான் துத்தமே இல்லையே, இன்னும் எதுக்கு இது?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"ஆவறது மொதல்ல எனக்கு ஆவட்டும்" என்றாள்.