கிளியக்கா விரிக்காமல் விட்ட கட்டில்

கிளியக்கா அந்தப் பெரிய கப்பலில் பயணியாகப் போகவில்லை, கட்டில் விரிக்கும் வேலைக்குத்தான் போனார் என்ற வதந்தி என் காதுக்கு எட்டியபோது, அவர் மாடியில் கட்டில்தான் விரித்துக்கொண்டிருந்தார்.

மொன்றியலை அடுத்த கர்க்லாண்டில் றூபன் வீட்டில் மகளின் பிறந்தநாள். வெளியே பனி முழங்கால் வரை. குளிர்காலத்து விருந்துகளில் வருகிறவர்கள் கோட்டுகளைக் கழற்றி வீட்டுக்காரரின் படுக்கையறைக் கட்டிலில் குவிப்பது இங்கே வழக்கம். நாமெல்லாம் எறிந்துவிட்டுச் சாப்பாட்டை நோக்கி இறங்குவோம். கிளியக்காவால் அது முடியாது. குவிந்து கிடப்பதையெல்லாம் அள்ளிக் கதிரையில் வைப்பார். விரிப்பை உருவி, உதறி, நான்கு மூலைகளையும் மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். அதன் பிறகுதான் கோட்டுகள் நீளத்தின்படி ஒழுங்காகத் திரும்பக் கட்டிலுக்கு வரும். இதனால் எங்கள் மேற்குப் புறநகர்ப் பகுதியான வெஸ்ட் ஐலண்டில் எந்தத் தமிழ் வீட்டு மெத்தைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர்மீது எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி, பயம்.

"அண்ணை, விசயம் தெரியுமோ?" என்று றூபன் என்னை மாடிப்படியின் கீழே மடக்கினான். டெப்பனர் வைத்திருக்கிறான், பாலும் சிகரெட்டும் விற்கும் அந்த மூலைக்கடையில் வதந்தி இலவசம். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கப்பலின் நீண்ட நடைவழி. நடுவில் கிளியக்கா, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு குவியல் துவாய்கள். இரண்டு பக்கமும் சீருடையில் இரண்டு இளைஞர்கள். பக்கத்தில் அறை துப்புரவாக்கும் தள்ளுவண்டி.

"கரீபியனுக்கு விடுமுறைக்குப் போற ஆள் ஏன் அண்ணை துவாய் காவுது? இஞ்சை ஹோட்டலிலை செய்யிற வேலையைத்தான் அங்கையும் செய்யப் போனவ. எங்களுக்கு மட்டும் குறூஸ் எண்டு கதை!"

கேள்வி எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் இல்-பிசார் தீவுவாசி. என் வாழ்நாளின் கடற்பயணம் கோடையில் எங்கள் தீவிலிருந்து லவாலுக்குப் போகும் படகு. காரை ஏற்றி, யன்னலைத் திறந்து, காற்று முகத்தில் படுவதற்குள் அக்கரை வந்துவிடும். கிளியக்கா போனதோ பதினெட்டு மாடிக் கப்பல். ஏழு இரவுகள். நீச்சல் குளங்கள், நாடக அரங்கு, எந்நேரமும் சாப்பாடு, கண்விழித்தால் வேறு நாடு. அவர் அனுப்பிய படங்களை நான் பனி வழித்துக்கொண்டிருந்த நேரங்களில்தான் பார்க்க நேர்ந்தது. வதந்தி மட்டும் உண்மையாக இருந்தால் அன்றிரவு நன்றாகத் தூக்கம் வரும். ஆகவே, சமூகத்தின் நன்மை கருதி, விசாரிக்கக் கிளம்பினேன்.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை. வயது ஐம்பத்தொன்பது. நகர மையத்தில் ஒரு ஹோட்டலில் இருபத்தாறு ஆண்டுகளாக அறை துப்புரவாக்குகிறார். நாளொன்றுக்குப் பதினான்கு அறை. எந்தக் கதவையும் மூன்று தரம் தட்டி, "பொன்ஜூர், மெனாஜ்" என்று, துப்புரவுக்கு வந்திருக்கிறேன் என்பதைப் பிரெஞ்சில் அறிவிக்காமல் திறக்க அவருக்குக் கை வராது. ஒருமுறை கோயில் மடைப்பள்ளிக் கதவையும் அப்படித் தட்டியிருக்கிறார். அவரை எனக்குத் தெரிந்த காலம் முதல் அவர் சொல்லிவருகிற ஆசை ஒன்றே ஒன்று: "ஒரு கிழமையெண்டாலும் நான் எழும்பின கட்டிலை வேறை ஆள் வந்து விரிக்க வேணும், தம்பி. நான் திரும்பிப் பாக்காமல் போக வேணும்." கப்பல், கரீபியன் எல்லாம் அந்த ஆசைக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

முதல் சாட்சி அக்னெஸ். மட்டக்களப்புக்காரர், கிளியக்காவோடு அதே ஹோட்டலில் வேலை, கப்பலில் இருவருக்கும் ஒரே அறை, தனித்தனிக் கட்டில். வேலை முடிந்து வரும்போது மெற்றோ வாசலில் பிடித்தேன்.

"வேலைக்கா? என்ன மனே பேசுறாய்! காசு கட்டித்தான் போன நாங்க. நான் ஏழு நாளும் பத்து மணிக்கு முன்னுக்கு எழும்பல்ல. இவதான், விடியக் கருக்கல்ல எழும்பி, தன்ட கட்டில விரிச்சு, குளிக்கிற அறைக் கண்ணாடியத் துடைச்சு, ஊத்தைத் துவாயெல்லாம் அள்ளிக் கொண்டுபோய் அந்தப் பொடியன்ட வண்டில்ல போட்டுட்டுத்தான் கடல் பார்க்கப் போவா. படம் எடுத்தது நான்தான். எடுத்தது பிழையாப் போச்சு."

"கதவையும் தட்டினாவோ?"

"தட்டாம? எங்கட அறைய எங்களுக்கே தட்டுவா. மெனாஜ் எண்டு சொல்லிப்போட்டு, உள்ளுக்கு ஆள் இல்லயெண்டு தெரிஞ்ச பிறகுதான் துறப்பா. சாவி அட்டை அவட கழுத்திலதான் கா தொங்குது!"

அறைக்குப் பொறுப்பான பையன் வயான், இந்தோனேசியாக்காரன். மூன்றாம் நாள் அக்னெசைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லக் கேட்டானாம்: அந்த மேடம் இரவில் எங்கே படுக்கிறார்? ஒரு கட்டில் படுத்த மாதிரியே இல்லை. என் வேலை பிடிக்கவில்லையா? மேலாளரிடம் முறையிட்டுவிடுவாரா? பையன் உண்மையிலேயே பயந்துபோயிருந்தான் என்றார் அக்னெஸ்.

வதந்தி அங்கேயே செத்தது. எனக்குச் சிறு துக்கம்தான். ஆனால் செத்த வதந்தியைவிட இந்த உண்மை ருசியாக இருந்தது. பதினெட்டு மாடிக் கப்பலில் ஏறியும் கட்டிலை விட முடியாத ஒருவர்! அப்படியானால் அவர் ஆசை நிறைவேறவில்லை. அப்படியானால் நான் பொறாமைப்படத் தேவையில்லை. இதை உறுதிப்படுத்திக்கொள்ளச் செவ்வாய்க்கிழமை, அவருடைய ஓய்வு நாளில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள வீட்டுக்குப் போனேன்.

முகம் இன்னும் நன்றாகக் கறுத்திருந்தது. மார்ச் மாதத்தில் மொன்றியலில் அப்படிக் கறுத்திருப்பதற்கு ஒரு திமிர் வேண்டும். கப்பலின் அறை அட்டை வீட்டுச் சாவிகளோடு ஆணியில் தொங்கியது. பால்தேத்தண்ணி வந்தது.

"றூபன் என்னவோ கதைக்கிறானாம்," என்று அவரே தொடங்கினார். "கதைக்கட்டும். அவன்ரை மெத்தைக்கடியிலை கிடக்கிறதை நான் கதைக்கேல்லைத்தானே."

கப்பல் எப்படி என்று கேட்டேன். குளங்களைப் பற்றி, தீவுகளைப் பற்றி எதிர்பார்த்து என் வயிறு தயாராக எரியத் தொடங்கியிருந்தது.

"ஒரு பொடியனுக்கு இருபது அறைக்கு மேலை, தம்பி. நடைவழியிலை ஒரு வண்டில் மற்ற வண்டிலோடை முட்டாது. அப்பிடி ஓட்டம். உள்ளுக்கு ஒரு ஐஸ் மைதானமும் இருக்கு. எல்லாரும் சறுக்கினம். குளிருக்குத் தப்பிப் போய் அங்கையும் ஐஸோ எண்டு நான் எட்டிப் பாத்திட்டுத் திரும்பியிட்டன்."

"தீவுகள்?"

"இருந்தது, இருந்தது." கையால் ஒதுக்கினார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அக்னெசின்ரை கட்டிலிலை முதல் நாள் ஒரு குரங்கு."

வயான், தினமும் அறையை ஒழுங்காக்கிய பிறகு துவாயை மடித்து ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைப்பானாம். முதல் நாள் குரங்கு. அடுத்த நாள் ஆமை. பிறகு முயல். எல்லாம் அக்னெசுக்கு. கிளியக்காவின் கட்டிலில் ஒன்றும் இல்லை.

"உங்களுக்குப் பொறாமையாக இருந்ததோ?"

"பொறாமையோ? எனக்கு என்ன வயசு, நீர் என்ன கதைக்கிறீர்?" தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "ஓம்."

நான்காம் நாள் நேராகவே கேட்டிருக்கிறார். வயான் தயங்கித் தயங்கிச் சொன்ன பதிலைக் கிளியக்கா தன் தமிழில் எனக்குச் சொன்னார்: "மேடம், அது நான் விரிச்ச கட்டில் இல்லை. இன்னொரு ஆளின்ரை வேலைக்கு மேலை என்ரை மிருகத்தை எப்பிடி வைக்கிறது எண்டான். அதிலை பிழை சொல்லேலாது. நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

ஐந்தாம் நாள் முயன்று தோற்றார். விரிக்காமல் வாசல் வரை போய், திரும்பி வந்து விரித்தார். ஆறாம் நாள் காலை அவருக்கு வேறொரு சிக்கல். கிளியக்கா தூக்கத்தில் புரளாத மனிதர். எழுந்து பார்த்தால் கட்டில் விரித்தது போலவே கிடந்தது. கையால் குழப்பவேண்டியிருந்தது. "குழப்பினதும் ஒரு ஒழுங்காத்தான் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தரம் உதைஞ்சன்." பிறகு மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீவு ஒன்று வந்தது. எல்லோரும் கைகாட்டினார்கள். அது என்ன தீவு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. குழம்பிய கட்டிலைத்தான் அந்த நீலத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணித்தியாலம் தாங்கினார். பிறகு இறங்கிப்போய் அறைக் கதவை மூன்று தரம் தட்டினார்.

"பொன்ஜூர், மெனாஜ்."

உள்ளேயிருந்து, "ஹவுஸ்கீப்பிங்!" என்றது வயானின் குரல்.

சொல்லும்போது கிளியக்காவுக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. இருவரும் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம், எவர் விருந்தினர் என்று தெரியாமல்.

கட்டில் விரிந்திருந்தது. அதன் மேலே வெள்ளைத் துவாயில் ஒரு யானை, கிளியக்காவின் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றது. இருபத்தாறு ஆண்டு ஆசை. அவர் பார்த்தது யானையை அல்ல. குனிந்து, விரிப்பின் மூலையைத் தூக்கி, மடிப்பைப் பார்த்திருக்கிறார்.

"என்ரையை விட இறுக்கம், தம்பி."

அதை எனக்குச் சொன்னபோதும் குரல் இறங்கியது. ஊர் முழுவதும் அவரைப் பார்த்து எரிகிறது. அவர் ஒரு இந்தோனேசியப் பையனின் விரல்களைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறார். என் பொறாமைக்குப் போக்கிடமே இல்லாமல் போயிற்று.

ஏழாம் நாள் நடைவழியில் வயானை மறித்து யானை செய்து காட்டக் கேட்டிருக்கிறார். பெரிய துவாயை இரண்டு பக்கமும் சுருட்டி வளைத்தால் நான்கு கால். சின்னத் துவாயில் தலை, காது, தும்பிக்கை. அரை நிமிடத்தில் முடித்துவிட்டான். கப்பலை விட்டு இறங்கும் காலையில் அவனுக்கென்று ஒரு யானை செய்து கட்டிலில் விட்டுவர எண்ணியிருக்கிறார். தும்பிக்கை நிற்கவில்லை. இறங்கச் சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது. வயானோ தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, வீட்டுக்குப் போய்ச் செய்து படம் அனுப்புங்கள் மேடம் என்று வழியனுப்பினான்.

"நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

ஐந்து கிழமையாகிறது. வயானிடமிருந்து இரண்டு செய்திகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் ஒரே கேள்வி: மேடம், யானை?

"வேறு யாராவது செய்த யானையின் படத்தை அனுப்பிவிடுங்கள், கிளியக்கா. அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

சப்பாத்தோடு கட்டிலில் ஏறிய விருந்தினரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். ஒரு பெரிய துவாயும் ஒரு சின்னத் துவாயும் வந்தன. தேத்தண்ணிக் கோப்பைகள் மேசையிலிருந்து ஒதுக்கப்பட்டன. கால்கள் நான்கும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. நல்ல இறுக்கம். தலையைச் சுருட்டினார், காதுகளை இழுத்து விரித்தார், தும்பிக்கையை மேலே வளைத்துவிட்டு மெல்லக் கையை எடுத்தார். கைபேசியைத் தூக்கினார்.

தும்பிக்கை ஒருகணம் நின்றது. பிறகு சாய்ந்து, மேசைவிரிப்பைத் தொட்டது.

பிடித்துக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன். "தொடாதேயும்," என்றார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். துவாயைப் பிரித்து, எழுந்து நின்று, மூன்று தரம் உதறினார்.