ஸ்டெல்லாக்கா கேட்ட புது மேசை

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், எங்கள் மரப் பட்டறையில் ஓர் ஊஞ்சல் பலகைக்கு டீ டிகாஷன் பூசிக்கொண்டிருந்தபோது மேரியின் போன் வந்தது. மேரி எங்கள் ஸ்டெல்லாக்காவின் மகள். "அம்மா போயிட்டாங்கண்ணா" என்றாள். நெஞ்சு வலிக்கிறதென்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். டிகாஷன் காய்ந்ததும் மேலே ஆணித் தண்ணீர் பூசுவது அக்காவின் வேலை. பலகை அப்படியே கிடந்தது.

அந்த ஆணித் தண்ணீரைப் பட்டறைக்கு வந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊறுகாய் ஜாடியில் வினிகர் ஊற்றி, பழைய ஆணிகளை ஊறப்போட்டு வைப்பார். டிகாஷன் குடித்த மரத்தில் அது பட்டால், நேற்று அறுத்த பலகைகூடத் தாத்தா காலத்துச் சாமான் மாதிரி கறுத்துவிடும். ஆனால் பூசியவுடன் ஒன்றும் தெரியாது. ஆர்டர் கொடுத்தவர்கள் பதறுவார்கள். "கொஞ்சம் பொறுப்பா, இப்பத்தான் அதுக்கு வயசாவுது" என்பார் அக்கா.

பழசு வேண்டுமென்று சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "எங்க வூட்ல கட்டிலு, பீரோ எல்லாமே அடுத்தவங்க குடுத்த பழசுதான். எனக்குப் பளபளன்னு புதுசா ஒரு மேசை பண்ணிக் குடுப்பா. ஒரு சொட்டு ஆணித் தண்ணி படக்கூடாது, ஆமா!" என்பார். தேக்குப் பலகை எடுத்து வைப்பேன். கடைத் திறப்புக்கென்று அவசர ஆர்டர் வந்தால் அவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். நான் கத்துவேன். "என்னுது எங்க போவப்போவுது? அவங்க கடை தெறக்கறாங்க இல்ல?" என்பார். எத்தனை பலகை அப்படிப் போயிற்று! அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவரிடம் புதுசு என்று இருந்தது ஒரே ஒரு பட்டுப்புடவை. மேரியின் கல்யாணத்துக்காக என் அண்ணன் தறியில் நெய்தது, சந்தன நிறம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று மாதா கோயிலிலிருந்து அதே புடவையோடு நேரே பட்டறைக்கு வந்தார். "பலகை எப்படி வந்துக்கினு இருக்குதுன்னு பாத்துட்டுப் போறேன்" என்று ஜாடியைத் திறந்தார். முந்தானையில் தெறித்துவிட்டது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் நான், பட்டில் கறை பட்டால் சும்மா இருப்பேனா? "ஐயோ அக்கா!" என்று தண்ணீருக்கு ஓடினேன். எவ்வளவு அலசியும் சாம்பல் நிறப் பொட்டுகள் போகவில்லை. "வுடுப்பா, இதுக்கும் வயசாயிடுச்சி" என்று சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சவப்பெட்டியில் அதே புடவையில்தான் கிடந்தார். கறை தெரியாதபடி மேரி முந்தானையை உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தாள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான் அங்கேதான் உடைந்து அழுதேன்.

அடக்கம் முடிந்த பிறகு அக்கா கேட்ட மேசையைச் செய்து முடித்துவிட்டேன், வெறும் வார்னிஷ் மட்டும் அடித்து. அக்கா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டபோது மேரி அதைத் தடவிப் பார்த்தாள். "அம்மா இருந்திருந்தா இதும்மேல ஒரு டம்ளர் வெக்கவுட்டிருக்க மாட்டாங்கண்ணா" என்றாள்.

ஊறுகாய் ஜாடி இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த ஊஞ்சல் பலகைக்கு நானே பூசி, கறுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் "கொஞ்சம் பொறுப்பா" என்ற குரல் கேட்கிறது. உங்கள் மேசை பளபளவென்று நிற்கிறது, அக்கா. நீங்களும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே.