அழுகின முட்டை வாசம்

எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கு அழுகை வரல. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுப் படுத்தவர் எந்திரிக்கல, அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்தவங்க என்னைக் கட்டிப்பிடிச்சி அழுதாங்க. இவங்களுக்கெல்லாம் காப்பிக்குப் பால் பத்துமான்னு நான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடுதாளா பாரு"ன்னு யாரோ சொன்னது காதுல விழுந்துது. விழுந்தா விழட்டும். மரத்துப்போன காலை ஊனி நடக்கிற மாதிரிதான் வீட்டுக்குள்ள நடமாடினேன்.

அழுததெல்லாம் எங்க மகதான். ஆறாப்புப் படிக்கா. அப்பா கடைசியா அவுத்துப் போட்ட கறுப்பு டி-சர்ட்டைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவா. பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு கழுவுனப்ப, அவரோட அக்கா, நல்லது செய்யுதோம்னு நெனச்சி அந்தச் சட்டையையும் துவைச்சிக் கொடியில போட்டுட்டாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அதை மோந்து பாத்தா.

"அப்பா வாசம் போயிட்டுதும்மா"ன்னா.

கத்தல. அதுக்கப்புறம் அத்தைகிட்ட பேசவும் இல்ல, ஒழுங்காச் சோறு திங்கவும் இல்ல. போன வாசத்தை நான் எங்க போய் வாங்கிட்டு வர? பிள்ளை மெலிஞ்சிக்கிட்டே வந்தா. பயமாத்தான் இருந்துது. அந்தப் பயம்கூட வேற யாருக்கோ வந்த மாதிரி இருந்துது.

கடையை எத்தனை நாள் பூட்டிப் போட? பாளையங்கோட்டையில ஒரு சந்துக்குள்ள எங்க டி-சர்ட் பிரிண்டிங் கடை. அவர்கூடவே நின்னு எனக்கும் வேலை அத்துப்படி. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, அவர் இருக்கும்போதே கறுப்பு டி-சர்ட் சொல்லி வச்சிருந்தாங்க. டிஸ்சார்ஜ் மைதான் வேணும்னுட்டாங்க. சாதா மை துணி மேல தகடு மாதிரி ஒட்டிக்கிடும், போட்டா வேர்த்து ஊத்தும். டிஸ்சார்ஜ் மை துணியில உள்ள கறுப்பையே உருவி எடுத்துரும். மையில அதுக்குன்னு உள்ள பவுடரைக் கலந்துட்டா அன்னைக்கே அடிச்சு முடிக்கணும், மறுநாளைக்கு ஆகாது. ஸ்கிரீன்ல இழுக்கும்போது வெறும் ஈரம்தான் தெரியும். சூட்டு பிரஸ்ல வச்சு எடுத்தாத்தான் கறுப்பு போயி, சந்தன நிறத்துல அம்மன் முகம் வரும். கூடவே அழுகின முட்டை நாத்தமும் கிளம்பும். துவைச்சாத்தான் போகும்.

அந்த ஆர்டரை அடிக்க ஆரம்பிச்ச அன்னைக்குச் சாயங்காலம் மக பையோட நேரே கடைக்கு வந்தா. நான் அப்பதான் பிரஸ்ஸைத் திறந்தேன். நாத்தம் குப்புன்னு அடிச்சுது. அவ வாசல்லயே நின்னுட்டா.

"அப்பா வந்த மாதிரி இருக்கும்மா."

டிஸ்சார்ஜ் அடிக்கிற நாளெல்லாம் அவர் இந்த நாத்தத்தோடதான் வீட்டுக்கு வருவார். நான் வாசல்லயே மறிச்சிக் குளிக்க விரட்டுவேன். அவ மட்டும் ஓடிப்போயி இடுப்பைக் கட்டிக்கிடுவா.

பையைத் திறந்து அப்பாவோட அந்தச் சட்டையை எடுத்தா. பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போயிருக்கா, எனக்குத் தெரியாது.

"இதுல அடிச்சித் தா."

"ஏட்டி, இது கொடைப் படம். அப்பா படம்னா அதுக்கு வேற ஸ்கிரீன்ல்லா செய்யணும்?"

"எந்தப் படம்னாலும் சரி."

மிச்சம் இருந்த மையை இழுத்து, பிரஸ்ல வச்சேன். சூடு ஆறக்கூட விடல, பள்ளிக்கூட யூனிபார்ம் மேலயே மாட்டிக்கிட்டா. முட்டு வரைக்கும் தொங்குச்சு.

"கழத்துட்டி, துவைச்சித் தாரேன். அரிக்கும்."

"துவைச்சே, அப்புறம் உன்கிட்டயும் பேச மாட்டேன்."

பஸ்ல பக்கத்துல உக்காந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சிப் போயிட்டாங்க. இவளுக்கு அதுல ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்து நான் முன்னால போயிக் கதவைத் திறந்தேன். பின்னால படியில அவ செருப்பைக் கழத்துற சத்தம். அந்த நாத்தம். கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்லிச் சொல்லிப் பழகின வாய். திரும்பிக்கூடப் பாக்கல நான்.

"குளிச்சிட்டு உள்ள வாங்க."

செருப்புச் சத்தம் நின்னுது.

"நான்தாம்மா"ன்னா மக, மெதுவா.

அவர் இல்லைங்கிறது எனக்கு அப்பதான் உறைச்சுது. வாசப்படியிலயே உக்காந்து, தெருவே எட்டிப் பாக்க அழுதேன்.