மூன்று கட்டத்தில் அடங்காத ரப்பர்

திருச்சியிலிருந்து மலேசியாவின் பீடோங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் குறுக்கெழுத்துப் பைத்தியம் என்னை விடவில்லை. எங்கள் கல்யாண நாளன்று காலை, கணவர் தானே தயாரித்த புதிர் ஒன்றை நீட்டினார்.

‘பால் தரும், புல் மேயாது.’ மூன்று கட்டம். ரப்பர் மரம்தான். ஆனால் ‘ரப்பர்’ என்று எழுதினால் ஓர் எழுத்து வெளியே நின்றது.

“கட்டம்கூட ஒழுங்கா போடத் தெரியலயா?” என்று கடுகடுத்தேன்.

“உங்க ஊரு பேர எழுதுனா எப்படி லா அடங்கும்? எங்க ஊரு பேர எழுது.”

கித்தா! இங்கே தோட்டத்தில் எல்லாரும் ரப்பரை அப்படித்தான் சொல்வார்கள். ‘காலையில் ஆறும், காப்பி அல்ல’ என்ற அடுத்த குறிப்பும் அவிழ்ந்தது: பசி. இங்கே காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்பார்கள். எல்லாமே நான் ‘உங்க ஊர்ப் பேச்சு’ என்று கேலி செய்த சொற்கள்!

கடைசிக் குறிப்பு: ‘“எங்க” என்பதில் நீயும் சேர்ந்தால்?’ மூன்று கட்டம்.

பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லை இந்த ஊருக்கு நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவரோ மேலே சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து கைப்பையை எடுத்தேன்.

“நம்ம ஊரு பசாருக்குப் போயி பசியாறலாம், வாங்க.”

அந்த மூன்று கட்டமும் இன்றுவரை காலிதான். வாயால் சொன்னதை எழுதி வேறு காட்ட வேண்டுமா?