மஞ்சள் பட்ட ஐந்து டாலர்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். என் கணவர். அவருடைய அண்ணா மனைவி. அவரை வீட்டில் எல்லோரும் மன்னி என்றே அழைப்போம். கல்யாணம் நிச்சயமாகி முகூர்த்தத்துக்குக் காத்திருந்த என் நாத்தனார். அடையாற்றுப் பங்களாக்களில் ஏலம் போகிற சாமான்களை எடுத்து விற்கும் ராயப்பேட்டை பாய். அவர் அழைத்து வந்த அமெரிக்கர், துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் கணக்கு எழுதுபவர். ஆறாவது நான். வேறு யாரும் இல்லை. தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பிற்பாடு உறவில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இல்லை.

என்னை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாக்கிப் படிப்புக்குப் பதிலாகக் கவலைப்படப் பழகிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் ஏன் கடிதம் வரவில்லை என்று பயம். வாசலில் நின்றால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயம். அந்த வருஷம் மட்டும் என் பயத்துக்குச் சரியான காரணம் இருந்தது. அது வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

என் கணவர் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. மாலுமிகள் கைமாற்றிவிட்டுப் போகும் பழைய அமெரிக்க நோட்டுகளைச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். அமெரிக்காவிலிருந்து தபாலில் விலைப்பட்டியல் ஒன்று வரவழைத்து வைத்திருந்தார். அங்கே இப்போது நோட்டைச் சிறிதாக்கிவிட்டார்களாம். பழைய அகல நோட்டெல்லாம் பாங்குக்குத் திரும்பிப் போய்க் கொளுத்தப்படுகின்றனவாம். "கொளுத்தக் கொளுத்த மிச்சத்துக்கு விலை ஏறும்டி" என்பார். எனக்கோ கொளுத்துவது என்கிற வார்த்தை மட்டும்தான் காதில் தங்கும்.

அந்தச் சித்திரையில் பாய் மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது ஐந்து டாலர் நோட்டு, நாற்பது வருஷத்துப் பழசு. அதன் நடுவில் இறக்கை விரித்த ஒரு பெண், ஓங்கிய கையில் மின்சார விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கணவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"இத பாரு, ஒரு ஊசித் துளை இல்ல. நம்ம பாங்குல கட்டுக் கட்டா ஊசி குத்தி வெச்சுடறா, எந்த நோட்டை எடுத்தாலும் சல்லடை. இது மடிப்பைக்கூடப் பார்த்ததில்ல. மூலை நாலும் கத்தி மாதிரி இருக்கு."

"ஏன் அண்ணா, அவ ஊர்ல ரவிக்கைக்குப் பஞ்சமா?" என்றாள் நாத்தனார், எட்டிப் பார்த்து.

"போடி. அது மின்சாரம்."

"மின்சாரமா இருந்தா என்ன, குளிராதா?"

அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். மூன்று நோட்டுக்கும் பாய் கேட்டது நூற்றைம்பது ரூபாய். பட்டியலின்படி அந்த ஒரு நோட்டே இருநூற்றைம்பது பெறும் என்று என் கணவர் கணக்குப் போட்டார். ஆனால் கையில் ரூபாய் ஏது? இரண்டு நாள் கழித்து, என் மாமியார் சாவதற்கு முன் நாத்தனாருக்கென்று எடுத்துவைத்த நாலு தங்க வளையல்கள் இரும்புப் பெட்டியிலிருந்து கச்சேரி ரோட்டு சேட்டிடம் போயின. என்னிடம் மட்டும் சொன்னார். "கல்யாணத்துக்குள்ள மீட்டுடுவேன். நீ வாயத் திறக்காதே."

நான் திறக்கவில்லை. சோறுகூடச் சரியாக இறங்கவில்லை. தங்கையின் கல்யாணத்துக்காக மன்னியின் கணவர், என் மைத்துனர், பெஜவாடாவிலிருந்து லீவில் வரவேண்டும். வந்தால் முதலில் பெட்டியைத்தான் திறப்பார். அவர் ஒரு சொல் சொன்னால் வீடே நின்றுவிடும். பிள்ளை வீட்டாரோ ஒவ்வொரு வளையலின் எடையையும் எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள். அது குறைந்தால் பெண்ணை மணையில் உட்காரவைப்பார்களா என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாங்குகிறவர் கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அந்த அமெரிக்கர் கப்பல் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது, சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்கிறார் என்று பாய் சொல்லி அனுப்பினார். மைத்துனரோ புதன்கிழமை வருவதாகக் கார்டு போட்டிருந்தார். சனிக்கிழமைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பு.

அன்று காலை என் கணவர் ஆபீசுக்குப் போனபிறகு மன்னி சாவியைக் கேட்டார்.

"அம்மனுக்குச் சாத்தணும், அந்த வளையலை எடு."

"பாலிஷ் போட ஆசாரிகிட்ட கொடுத்திருக்கார் மன்னி."

அப்படிச் சொல்லும்படி என் கணவர் சொல்லி வைத்திருந்தார். மன்னி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நோன்பும் அதுவுமாவா? சரி, பெட்டியிலேர்ந்து ஏதாவது ஒண்ணு அம்மன்கிட்ட வரணும். வெறும பூட்டி வெக்கப்படாது." தானே சாவியை வாங்கித் திறந்தார். மேலாக இருந்தது ஒரு மடித்த அட்டை, அதற்குள் அந்த ஐந்து டாலர் நோட்டு.

"அது அவரோட ஆபீஸ் காகிதம் மன்னி. தொட்டா கோச்சுப்பார்."

"பணத்துல விளக்கோட நிக்கறவ யாருடி? எந்த ஊர்ல அச்சடிச்சா என்ன, லட்சுமி லட்சுமிதான்."

அப்போது அடுப்பில் கொழுக்கட்டை இருந்தது. நாத்தனார் உள்ளேயிருந்து தண்ணீர் வற்றுகிறது என்று கூவினாள். நான் போய்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டிருந்தது. புதுத் துணி, புதுக் கணக்குப் புத்தகம், எதுவானாலும் எங்கள் வீடுகளில் செய்வதைத்தான் மன்னி செய்திருந்தார். நாலு மூலையிலும் குழைத்த மஞ்சள். அந்தப் பெண்ணின் நெற்றியில் குங்குமம். மேலாக்கு இல்லாமல் நிற்கிறாளே என்று, கோயில்களில் சந்தனக்காப்பு சாத்துகிற மாதிரி, கழுத்திலிருந்து இடுப்புவரை சந்தனம். கலசத்தின் முன்னே நிறுத்தி, ஈர மஞ்சள் சரடால் கட்டியிருந்தார்.

"இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கா" என்றார்.

சாயங்காலம் என் கணவர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். அம்மனை ஆவாகனம் செய்த கலசத்தை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை அசைக்கக் கூடாது. அவர் அசைத்தால் ஏன் என்று மன்னி கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் சேட்டு கடையில் இருந்தது. ஆகவே கூடத்தில் குத்துவிளக்கு எரிய, அந்த இறக்கைக்காரி எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு ஈரச் சரட்டோடு இருந்தாள். வந்த பெண்கள் எல்லாம் அவளுக்கும் சேர்த்து நமஸ்காரம் செய்து தாம்பூலம் வாங்கிப் போனார்கள்.

சனிக்கிழமை புனர்பூஜை முடிந்ததும் என் கணவர் நோட்டைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். சந்தனம் உதிர்ந்தது, அதன் எண்ணெய்க் கறை போகவில்லை. மஞ்சள் காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. துணியைச் சோப்பு நீரில் நனைத்து ஒரு மூலையை ஒற்றினார். மஞ்சள் சிவப்பாயிற்று. ஒற்ற ஒற்ற இன்னும் சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பு போட்டால் வரும் சிவப்பு. எத்தனை தட்டு நானே கரைத்திருக்கிறேன். அவரும் எத்தனை வாசலில் அதற்கு நின்றிருக்கிறார். சோப்பும் அதையே செய்யும் என்று இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. மூலை முழுக்க ரத்தம் போல ஆனபிறகுதான் அவர் கை நின்றது.

"இனி என்ன பண்றது?" என்றேன்.

"வரட்டும்" என்றார்.

வந்தார்கள். அமெரிக்கர் நாற்காலியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி எடுத்து, முதலில் சாதாரண நோட்டுகள் இரண்டையும் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார், மூலைகளைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு அந்த ஐந்து டாலர். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். வெறுங்கண்ணாலேயே தெரிந்தது.

அவர் தணிந்த குரலில் சொன்னதை என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார், குரலில் ஒன்றுமே இல்லாமல். "கறை படாம இருந்தா நான் நெனச்ச விலைக்கு மேலயே குடுத்திருப்பாராம். இப்ப இதை யாரும் சேர்க்கமாட்டாளாம். கடையில குடுத்தா அஞ்சு டாலர் சாமானுக்கு ஆகுமாம்."

"இன்னா சாமி இது?" பாய் நோட்டின்மேல் குனிந்தார். "நான் குடுக்கும்போது சோக்கா இருந்திச்சே! யாரு இதும்மேல குங்குமம் வச்சது?"

கதவோரம் நின்ற மன்னியின் கண் சட்டென்று தாழ்ந்தது. அமெரிக்கர் இரண்டு நோட்டுகளுக்கு முப்பத்தெட்டு ரூபாய் எண்ணி வைத்துவிட்டு எழுந்தார். பாய்க்குப் பொறுக்கவில்லை. நல்ல மனுஷர், உதவ வேண்டும் என்றுதான் செய்தார். அமெரிக்கரின் வழியை மறித்து நின்று, தெரிந்த இங்கிலீஷோடு தமிழையும் கலந்து மன்றாடினார்.

"சார், சார், கொஞ்சம் பாரு சார். கல்யாண வூடு இது. தங்கச்சி வளையலு சேட்டாண்ட கீது. இத நம்பிக்கினு அடகு வச்சாரு சார் இவரு. மேல போட்டு எடுத்துக்க சார், சிஸ்டர் மேரேஜ்!"

அமெரிக்கருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எங்களுக்குப் புரிந்தது. நாத்தனார் ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். பாய் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான், வீட்டுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். தரகு எடுத்துக்கொள்ளாமலே அமெரிக்கரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். ஜட்கா கிளம்பும் சத்தம் கேட்டது.

மன்னி கூடத்துக்கு வந்து, நோட்டைக் குனிந்து பார்த்தார். சிவந்த மூலையை விரலால் தொட்டார். நான் அழுகையையோ சாபத்தையோ எதிர்பார்த்தேன். அவர் என் கணவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"வந்தவர் குடுத்தது போக, சேட்டுக்கு இன்னும் எவ்வளவு?"

"நாலு மாச வட்டியோட சேர்த்து" என்றார் என் கணவர், யார் முகத்தையும் பார்க்காமல், "நூத்தி இருபத்தொரு ரூபா."