மரகதம் அம்மணியின் கையும் எங்கள் அறுபத்தைந்து இஞ்ச் டிவியும்

1. குங்குமப் பொட்டு

தொண்டாமுத்தூரிலிருந்து காலை ஒன்பது மணிக்கே போன். புது டிவி, வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது, ரிமோட் வேலை செய்யவில்லை, வந்து தூக்கிக்கொண்டு போங்கள் என்றார் வீட்டுக்காரர். அப்போது நான் காந்திபுரத்தில் ஒரு ஷோரூமில் டிவி செக்‌ஷன் இன்சார்ஜ். டெக்னீஷியன் லீவு. நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் டிவிக்குப் பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். இரண்டு மூலையிலும் இரண்டு பொட்டு, கீழே நட்டநடுவில் ஒரு பெரிய பொட்டு. ரிமோட் சென்சார் இருப்பதே அந்த நடுவில்தான். கர்சீப்பால் துடைத்தேன். ரிமோட்டை அமுக்கினேன். டிவி ஆன் ஆனது.

வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை. "ஏனுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிச்சுப்போட்டீங்களே!" என்றார். நாலு விரற்கடை தள்ளி நானே ஒரு பொட்டு வைத்துவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கதையைக் கடையில் நூறு தரமாவது சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கம்ப்ளெய்ன்ட் என்று யார் வந்தாலும் "டிவி மேல தப்பு இருக்காது, ஆளு மேலதான் இருக்கும்" என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

2. மூன்று மணி ஆட்டம்

மரகதம் அம்மணி கிணத்துக்கடவுக்காரர். வீட்டை ஒட்டியே தென்னை நார் மில். கணக்கு, ஆள், மெஷின் எல்லாம் அவர் கையில்தான். கணவர் குமாரசாமி லோடு ஏற்றி அனுப்புவதைப் பார்த்துக்கொள்வார். புது ஹால் கட்டியபோது எங்கள் கடையிலேயே உயர்ந்த அறுபத்தைந்து இஞ்ச் டிவியை அவர்கள் தலையில் கட்டியது நான்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. டிவி மாட்டப் போகிற பையன்கள் மெனுவில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் ஆன் பண்ணிவிட்டுத்தான் வர வேண்டும். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன், ஷார்ப்னெஸ், கலர் பூஸ்ட், ஒன்று விடக்கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு வாங்கின பொருளில் ஏதாவது ஒரு வசதி ஆஃப் ஆகிக் கிடந்தால் மனசு கேட்காது. அதனால் இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

டிவி போன மூன்றாவது வாரம் மரகதம் அம்மணி கடைக்கு வந்தார்.

"டிவி எப்படிங்க அம்மணி?"

"அருமைங்கண்ணா. படம் கண்ணாடியாட்ட இருக்குதுங்க."

காபி வந்தது. என் மகள் கல்யாணம் விசாரித்தார். கிணத்துக்கடவில் மழை இல்லை என்றார். மறுபடியும் டிவி அருமை என்றார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. எழுந்து, கும்பிட்டு, படி வரைக்கும் போனவர் அங்கே நின்று திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணுங்கண்ணா. தப்பா நெனைக்காதீங்க."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் வாங்கின ஒரு டிவி கேம் அவர்களிடம் இருக்கிறது. கேசட் சொருகி ஆடுகிற பழைய டப்பா. ஒரு குட்டி ஆள் ஓடுவான், பொத்தானை அமுக்கினால் குதிப்பான், குழி வந்தால் தாண்ட வேண்டும். தினமும் மத்தியானம் லோடு போன பிறகு மூன்று மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு ஆட்டம். யார் முதலில் குழியில் விழுகிறார்களோ அவர்கள் டீ போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து டீ போட்டது குமாரசாமிதான். புது டிவி வந்த நாளிலிருந்து டீ போடுவது இந்த அம்மணி.

"நான் அமுக்கறேனுங்க. அவன் நின்னு யோசிச்சுப்போட்டுக் குதிக்கறானுங்க. அதுக்குள்ள குழிக்குள்ள போயிர்றான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நாலு சேல்ஸ் பையன்கள் வேறு நிற்கிறார்கள். சும்மா இருப்பேனா?

"உங்களுக்கு வயசு அம்பத்தஞ்சு ஆச்சு. டிவிக்கு மூணு வாரந்தான் ஆச்சு. லேட்டு எங்கிருந்து வருதுன்னு நீங்களே சொல்லுங்க அம்மணி!"

பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அதுவுஞ் செரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. நரம்பு டாக்டர்

இரண்டு மாதம் கழித்துக் குமாரசாமி மட்டும் ஒரு டேபிள் ஃபேன் வாங்க வந்தார். அம்மணி ஏன் வரவில்லை என்று கேட்டேன். தேங்காய் விலை, ரோட்டு வேலை எல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது செரியாப் போச்சுங்க. அவளுக்குக் கை லேட்டாத்தான் வேலை செய்யுது."

"என்னங்க சொல்றீங்க?"

"அவங்க அப்பாவுக்குக் கடைசி காலத்துல கை நடுக்கமுங்க. டம்ளரக்கூடப் பிடிக்க முடியாது. அந்த பயம் அவளுக்கு. நரம்பு டாக்டர்கிட்டப் போனோம். ஒயரெல்லாம் மாட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு. இவ நம்பமாட்டீங்கறா. டாக்டருக்குத் தெரியாதது டிவிக்கடை அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குதுங்கறா. கார் ஓட்டறத உட்டுப்போட்டா. மெஷின் பக்கமே போறதில்லீங்க. மில்ல ஆள்கிட்டக் குடுத்துரலாமான்னு கேக்கறா."

 வாய்க்கொழுப்பில் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு பொம்பளை மில்லையே விடப் பார்க்கிறார். ஃபேனுக்கு பில் போடக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

மறுநாளே கிணத்துக்கடவுக்குப் போனேன். மரகதம் அம்மணி பழைய மரியாதை குறையாமல் "வாங்கண்ணா" என்றார். ஆனால் தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"அந்த கேமைப் போடுங்க, நான் ஆடறேன்" என்றேன்.

ஆடினேன். முதல் குழியிலேயே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். ஏழு தரம் விழுந்தேன். அமுக்குகிறேன், அந்தப் பயல் அசைவதற்குள் ஒரு இடைவெளி. சின்னதுதான், ஆனால் கைக்குத் தெரிகிறது. பழைய டியூப் டிவி இருக்கிறதா என்று கேட்டேன். மில் ஆபீசில் மூடி வைத்திருந்ததை இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டப்பாவை அதில் மாட்டி அம்மணி கையில் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் ஆட ஆரம்பித்தார். அமுக்கினால் குதித்தான். குழி, சுவர், ஆமை எல்லாம் தாண்டி ஒரு ஸ்டேஜே முடித்துவிட்டார்.

குமாரசாமி முதல் குழியிலேயே காலி. மனுஷன் பிறவி அவசரக்காரர், எப்போதும் ஒரு நொடி முன்னாலேயே அமுக்கிவிடுவார். பெரிய டிவி லேட்டாகக் குதிக்க வைத்ததால் அவருடைய அவசரம் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது!

அம்மணி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, அப்ப இத்தனை நாளா நான் போட்ட டீ?"

"எனக்கென்ன தெரியும்? இந்த டிவில எனக்கு நல்லா வருதுன்னு நெனைச்சேன்" என்று குமாரசாமி தரையைப் பார்த்தார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அம்மணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வருசக்கணக்கா பழகுன டிவிங்கண்ணா. கண்ணை மூடிட்டே ஆடுவேன். அதனால வந்திருக்கும். புதுசுல முடியிலைன்னா கை போச்சுன்னுதானுங்களே அர்த்தம்?" என்றார்.

"சனிக்கிழமை அந்த டப்பாவோட கடைக்கு வாங்க. கடையிலிருக்கற எல்லா டிவிலயும் பாத்துரலாம்" என்றேன்.

4. சனிக்கிழமை

அதற்குள் நான் படிக்க வேண்டியிருந்தது. கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் ஒருவரிடம் போனில் ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அட்டைப்பெட்டியில் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒன்று போட்டிருப்பான். அதைக் காட்டி "செம ஸ்பீடுங்க" என்று வருஷக்கணக்காக விற்றிருக்கிறேன். அது திரையில் இருக்கிற புள்ளி நிறம் மாறுகிற வேகம். பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஆகிற நேரம் வேறு. அதற்குப் பேர் இன்புட் லேக். பெட்டியில் எங்கேயும் அது எழுதியிருக்காது.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம். டப்பாவை ஒவ்வொரு டிவியாக மாட்டினோம். என் போனில் ஸ்லோ மோஷன் வைத்து, அம்மணியின் கட்டை விரலும் திரையும் ஒரே ஃபிரேமில் வருகிற மாதிரி பிடித்தேன். பொத்தான் இறங்கியதிலிருந்து ஆள் கிளம்புகிற வரைக்கும் எத்தனை ஃபிரேம் என்று ஓட்டி ஓட்டி எண்ணினேன். அவர் வீட்டில் இருக்கிற அதே மாடல்தான் எல்லாவற்றிலும் மெதுவாக இருந்தது.

லேட்டைக் குறைக்கிற கேம் மோடை அதில் போடப் போனேன். எங்கள் கடையில் கேம் மோட் என்றால் தொடவே கூடாத பொத்தான். போட்டதும் படம் சப்பென்று ஆகிவிடும், எவனும் வாங்கமாட்டான் என்று பையன்களை நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். போனால், மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் குத்துகிற பழைய AV இன்புட்டில் அந்த டிவி கேம் மோடையே அனுமதிக்கவில்லை. புது மாதிரி HDMI ஒயருக்கு மட்டும்தானாம். இத்தனை வருஷத்தில் நான் இதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மற்ற வசதிகளை ஆஃப் பண்ணியும் லேட்டு முழுசாகப் போகவில்லை, சரி என்று மற்ற டிவிகளில் வரிசையாக கேம் மோட் போட்டுக்கொண்டே போனேன்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏனப்பா சண்முகம், கடை முழுக்க மேகம் கட்டி மோடம் போட்ட மாதிரி இருக்குது? கரண்ட் கம்மியா?"

"இல்லீங்க முதலாளி. டிவி ஸ்பீடு பாக்கறோம்."

"டிவிக்கு என்னப்பா ஸ்பீடு? சுவத்துலதான தொங்குது?"

எப்படி விளக்குவது? "நம்மூர்ல ஒருத்தர்கிட்ட வழி கேட்டா என்ன பண்ணுவாரு? எங்கிருந்து வாரீங்க, யாரு ஊட்டுக்குப் போறீங்க, சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான வழி சொல்லுவாரு? இந்தப் பெரிய டிவி அப்படிங்க. நாம ஆன் பண்ணி விட்ட வசதியெல்லாம் சேர்ந்து வர்ற படத்தை உக்கார வச்சு, சுத்தம் பண்ணி, பெருசு பண்ணி, அலங்காரம் பண்ணித்தான் காட்டும். சினிமாவுக்கு நல்லது. கேமுக்கு அதுக்குள்ள குழி வந்துருதுங்க."

முதலாளிக்கு அது புரிந்துவிட்டது. "அப்ப உபச்சாரம் பண்ணாத டிவி எது?" என்று அவரே தேட ஆரம்பித்தார்.

கடைசியில் அது மிக்சி செக்‌ஷன் ஓரத்தில் இருந்தது. நாற்பத்துமூன்று இஞ்ச். அலங்காரம் பண்ணத் தெரியாத சாதா டிவி. அதில் AV இன்புட்டிலும் கேம் மோட் வந்தது. பூசணம் பிடித்த மாதிரி நிற்கிறதே என்று வாடிக்கையாளர் கண்ணில் படாமல் நானே ஒதுக்கி வைத்தது. மரகதம் அம்மணி நின்றபடியே அமுக்கினார். குதித்தான். அமுக்கினார், குதித்தான். மூன்று ஸ்டேஜ் முடிக்கிற வரைக்கும் கடையில் யாரும் நகரவில்லை. மிக்சி வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"பெரிய டிவியே போதுமுங்க, எனக்குப் பழகிருச்சு" என்றார் குமாரசாமி. யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

இளம் பிள்ளைகளே, பழைய கேமுக்கு டிவி கேட்டு யாராவது வந்தால் அட்டைப்பெட்டியைக் காட்டாதீர்கள். அவர்கள் டப்பாவையே கொண்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் குத்தப்போகிற இன்புட்டிலேயே கேம் மோட் வருகிறதா என்று பாருங்கள். அவர்களையே அமுக்க விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாயை மூடிக்கொண்டு நீங்கள் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

அம்மணி என் போனை வாங்கி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரிய டிவியில் எடுத்தது. அவருடைய விரல் இறங்குகிறது, நேரத்துக்கு இறங்குகிறது. திரையில் அந்த ஆள்தான் மரம் மாதிரி நிற்கிறான். அம்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு மாசமா என்ற கையைப் பாத்து நானே பயந்துட்டு இருந்தேனுங்கண்ணா."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க அம்மணி. மன்னிச்சுருங்க."

"நீங்க சொன்னதுகூடப் பரவாயில்லீங்க. நானும் சேந்து சிரிச்சேன் பாருங்க, அதுதான் தாங்கமுடியில." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முக்கால் மணி நேரம் காபி, மழை, கல்யாணம் எதுவும் இல்லை. நேராகக் கேட்டார். "ஊர்ல எல்லாருத்துக்கும் எனக்குக் கை போச்சுன்னு தெரியுமுங்க. நீங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க."

முதலாளி பதறினார். "டிவி ஸ்லோன்னு நம்ம கடை லெட்டர்பேடுலயா?"

"சீல் வச்சுக் குடுங்க" என்றார் அம்மணி.

எழுதினேன். "கிணத்துக்கடவு திருமதி மரகதம் அவர்களின் இரண்டு கைகளும் மிக நல்ல நிலையில் வேலை செய்கின்றன. தாமதம் நாங்கள் விற்ற டிவியுடையது. அவர் கையைக் குறை சொன்ன தவறு என்னுடையது." முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, சீலை ஓங்கிக் குத்தினார்.

அந்தக் கடிதத்தை ஃபிரேம் போட்டு மில் ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள். போனால் பாருங்கள், என் கையெழுத்து மட்டும் கோணல்மாணலாக இருக்கும். அன்றைக்கு அந்தக் கடையில் நடுங்கிய கை என்னுடையதுதான்.