பதில் மாறிடுச்சு, அண்ணாச்சி!

அரசு இணையதளத்தில் மனுவுக்குப் பதில் வந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலுக்கு லாயக்கில்லை. போட்ட பதிலையே பிறகு சத்தமில்லாமல் திருத்துவார்கள். அதைக் கண்டுபிடித்து மனு போட்டவருக்குச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரு மாடி அறை, நான், கூட வேலை பார்க்கும் செல்வின். பொதுவில் கிடைக்கும் மனுத் தரவை எங்கள் நிரல் ஓயாமல் இறக்கி, பழைய பதிலோடு புதியதை ஒப்பிடும். ஒரு எழுத்து மாறினாலும் திரையில் அந்த வரி மஞ்சளாகும். “பரிசீலனையில் உள்ளது” என்பதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்களே, அந்த மஞ்சளைக் கண்டால் எனக்கு வரும் துள்ளல் உங்களுக்குத்தான் புரியும்.

முதல் மஞ்சள்

நிரல் ஓடத் தொடங்கிய அன்றே ஒரு வரி மஞ்சளானது. நான் போட்ட கூச்சலில் செல்வின் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். திரைமேல் விழுந்து படித்தோம். குடிநீர்க் குழாய் பற்றிய மனு. பழைய பதில், “நடவடிக்கை எடுக்கப்படும்”. புதிய பதிலும் அதேதான். எழுத்தெழுத்தாகத் தேடிய பிறகுதான் தெரிந்தது, கடைசியில் விட்டுப்போன முற்றுப்புள்ளியை யாரோ பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். செல்வின் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டான்: “ஏளா, ஒரு புள்ளிக்கா என் சட்டை போச்சு?”

உடன்குடி பஸ்

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், நிறுத்திவிட்ட மாலை பஸ்ஸை மறுபடி விடச் சொல்லி மனு போட்டிருந்தார். “சாத்தியமில்லை” என்று பதில். ஒரு நாள் அது “மீண்டும் இயக்கப்படும்” என்று மாறியது. உடனே போன் போட்டேன். “அண்ணாச்சி, பதில் மாறிடுச்சு! பஸ் விடப் போறாங்க!” மறுமுனையில் ஒரே இரைச்சல், நடுவில் ஹார்ன் சத்தம். “சத்தமாச் சொல்லு தாயி, அந்த பஸ்ஸுலதான் வாரேன்!”

முடிந்த வேலை

புன்னைக்காயல் பிலோமினா அக்கா நேரிலேயே வந்துவிட்டார். ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அவர் கணவரின் வள்ளம் அதில் தட்டிக் கவிழ்ந்திருந்தது. ஆள் பிழைத்தார், கை ஒடிந்தது. தூர்வாரச் சொல்லி அக்கா போட்ட மனுவுக்கு “பணி முடிக்கப்பட்டது” என்று பதில் எழுதி மூடிவிட்டார்கள்.

“அங்கன ஒரு கூடை மண்ணுகூட அள்ளலம்மா. கை சரியானதும் அவரு அதே வழியாத்தான கடலுக்குப் போவாரு?” என்றார். மறுபடி ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்திருக்காமல் என்னையே பார்த்தார். “முடிஞ்ச வேலைய எப்படிம்மா திரும்பக் கேக்குறது?”

பின்னால் போன பதில்

அதற்குப் பிறகு வேறு எந்த வரி மஞ்சளானாலும் என் கண் முதலில் புன்னைக்காயல் வரிக்குத்தான் போகும். ஒரு காலையில் அக்காவின் பழைய மனுவுக்குப் போட்ட பதிலே மாறியிருந்தது. “பணி முடிக்கப்பட்டது” போய், “கள ஆய்வுக்குப் பின் பணி தொடங்கப்படும்” என்று இருந்தது. “முடிஞ்சதுன்னவங்க இனிமேதான் தொடங்குவோம்ங்காங்க. இதைப் போயி எப்படிச் சொல்லுவ?” என்று முகம் சுண்டக் கேட்டான் செல்வின். நானும் தயங்கித்தான் அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் காதே கிழிகிற மாதிரி ஒரு கத்தல்: “முடியலன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்கல்லா!”

முகத்துவாரத்தில்

ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே மிதவையில் ஏற்றிய மண்ணள்ளும் இயந்திரமும் வந்தது. வேலை முடிந்து முதல் வள்ளம் போகும் நாளில் நானும் செல்வினும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் புன்னைக்காயலுக்கு ஓடினோம்.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். கை தேறிய கணவர்தான் வள்ளத்தை எடுத்தார். கரையில் நின்ற பிலோமினா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. முன்பு தட்டிய இடத்தை நெருங்கியதும் எல்லோரும் எக்கிப் பார்த்தோம். வள்ளம் வழுக்கிக்கொண்டு கடலில் இறங்கியது. கரையில் எழுந்த ஆரவாரத்தில் என் குரல்தான் பெரிசு. அதையும் மீறி அவர் வள்ளத்தில் எழுந்து நின்று கத்தினார்: “ஏளா பிலோமி, தட்டலளா!”

ஊரே நல்ல பதிலுக்குத் தவம் கிடக்க, போட்ட பதிலைத் திருத்தினாலே கூத்தாடுகிற பிழைப்பு எங்களுடையது.